ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழாது

ஒரு வேலைக்குப் போன இடத்தில் இன்னொரு வேலையும் முடிந்துவிட்டால், ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று நமக்கு ஒரே சந்தோஷம். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போன வழியில் கண் டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க அதையே வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் பிஸ்டல் சுடும் போட்டியில் இந்தப் பழமொழி செல்லாது. அங்கே ஐந்து மாங்காய் தொங்கினால் ஐந்து கல் வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறி பார்க்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து 4 வினாடிதான் கொடுப்பார்கள்.

நான் ஆயுதப்படையில் இருந்தவன், சர்வீஸின் பின்பாதியில் பல வருடம் சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தவன் என்பது தொடர்ந்து படிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். அதனால் இப்போது காலை நடைப்பயிற்சியில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. பேரன் பேத்திகளை ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிட்டவர்கள் கேட்கிறார்கள்: "சார், டி.வி.யில பார்த்தேன். வரிசையா அஞ்சு டார்கெட்டையும் கண்மூடித் திறக்கறதுக்குள்ள சுட்டுத் தள்ளுறாங்களே, அது கை வேகமா?"

கை வேகம் இல்லை. கையை வேகப்படுத்து என்று சொல்லிக்கொடுப்பதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. பல டார்கெட்டுகளைச் சுடும் வித்தை இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, உடம்பைச் சரியான வரிசையில் திருப்புவது. இன்னொன்று, சுட்டு முடித்த டார்கெட்டை அங்கேயே விட்டுவிடுவது. இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒலிம்பிக்ஸில் உள்ள போட்டியை எடுத்துக்கொள்வோம். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்று பெயர். ஆண்களுக்கான போட்டி. 5.6 மி.மீ. குண்டு போடும் சின்ன பிஸ்டல். ஒரே கையில் பிடித்துத்தான் சுட வேண்டும், இன்னொரு கை தாங்கக் கூடாது. எதிரே 25 மீட்டரில் 5 டார்கெட் வரிசையாக நிற்கும். கையைக் கீழே 45 டிகிரிக்குத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். 7 வினாடி கழித்துப் பச்சை விளக்கு வரும். அப்போதுதான் கையைத் தூக்கலாம். ஒரு டார்கெட்டுக்கு ஒரு குண்டு. முதலில் 8 வினாடி கொடுப்பார்கள், பிறகு 6 வினாடி, பிறகு 4 வினாடி. இப்படி மொத்தம் 60 குண்டு, 600 புள்ளி. இறுதிச் சுற்றில் எல்லாமே 4 வினாடிதான்.

அந்த 4 வினாடியில் என்ன நடக்கிறது? கையைத் தூக்கி முதல் குண்டைச் சுடவே சுமார் 2 வினாடி போய்விடும். மிச்சம் 4 டார்கெட்டுக்கும் சுமார் அரை அரை வினாடி. பார்க்கிறவர்களுக்கு அந்த அரை வினாடிகள்தான் கண்ணில் படும். ஓ, என்ன வேகம் என்று வாயைப் பிளப்போம். ஆனால் சுடுகிறவன் அங்கே ஓடவில்லை. ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறான். கச்சேரியில் காலப்பிரமாணம் ஓடக்கூடாது என்று சொல்வார்கள் அல்லவா, அதேதான். ஆரம்பித்த நடையிலேயே ஐந்தையும் முடிக்க வேண்டும். நாலாவது டார்கெட்டில் நேரம் போதாதோ என்று பயந்து தட்டினால் ஐந்தாவது போயே போய்விடும்.

இப்போது திரும்புவதைப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்து டார்கெட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 75 செ.மீ. ஆக, முதல் டார்கெட்டிலிருந்து ஐந்தாவது வரை 3 மீட்டர். 25 மீட்டர் தூரத்தில் நின்று 3 மீட்டருக்குத் திரும்ப எத்தனை டிகிரி வேண்டும்? ஏறக்குறைய 7 டிகிரி. கடிகாரத்தில் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 டிகிரி. ஐந்து டார்கெட்டுக்கும் சேர்த்து மொத்தத் திருப்பமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இரண்டு டார்கெட்டுக்கு நடுவே 2 டிகிரிகூட இல்லை.

இவ்வளவு சின்னத் திருப்பத்தைக் கை மணிக்கட்டிலேயே செய்துவிடலாமே என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். அங்கேதான் வினை. துப்பாக்கியின் மூக்கில் ஒரு சின்ன முள் இருக்கும். அதை ஃபோர்சைட் என்போம். பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், அது பேக்சைட். பள்ளத்தின் நடுவில் முள் சமமாக நிற்க வேண்டும். இந்தப் போட்டியில் இரண்டுக்கும் இடையே அதிகபட்சம் 220 மி.மீ.தான் இருக்கலாம். முள் 1 மி.மீ. விலகினால் 25 மீட்டரில் குண்டு எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 செ.மீ.க்கு மேல் வரும். டார்கெட்டின் 10 புள்ளி வட்டம் நடுவிலிருந்து 5 செ.மீ.தான், 9 புள்ளி வட்டம் 9 செ.மீ. ஆக, 1 மி.மீ. பிசகினால் கிடைப்பது 8 புள்ளி. இறுதிச் சுற்றில் 9.7க்குக் குறைந்தால் அடியே இல்லை, பூஜ்யம்.

மணிக்கட்டை மட்டும் திருப்பினால் துப்பாக்கி கண்ணை விட்டுத் தனியாகத் திரும்புகிறது. முள்ளும் பள்ளமும் கலைந்துவிடும். மறுபடி சரிசெய்ய நேரம் இல்லை. அதனால் தேர்ந்தவர்கள் தோளுக்கு மேலே எதையும் அசைப்பதில்லை. கண், தோள், கை, துப்பாக்கி எல்லாம் ஒரே கட்டை மாதிரி இருக்கும். திரும்புவது இடுப்பும் முழங்காலும் கணுக்காலும்தான். நம் வீட்டு டேபிள் ஃபேனைப் பாருங்கள். காற்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிறது, ஆனால் மேலே தலை கலைவதில்லை. கீழே கழுத்தில் திருப்பம் நடக்கிறது. அதே சூட்சுமம். நான் ரெக்ரூட்களுக்குச் சொன்னதும் இந்த டேபிள் ஃபேன் உதாரணம்தான். கை காட்டி விளக்கியதைவிட இது சீக்கிரம் புரிந்தது.

சரி, திருப்பம் புரிந்துவிட்டது. இரண்டாவது விஷயம்தான் கடினம். அது மனசைச் சேர்ந்தது.

துரோணர் வைத்த பரீட்சை நம் எல்லாருக்கும் தெரியும். மரம் தெரிகிறதா, கிளை தெரிகிறதா என்று கேட்டார். பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்றான் அர்ஜுனன். குறி பார்ப்பது என்றாலே நாம் இந்தக் கதையைத்தான் சொல்வோம். நல்ல கதைதான். ஆனால் அது ஒரே ஒரு பறவையோடு முடிந்துவிடுகிறது. அம்பை விட்ட பிறகு அர்ஜுனன் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டு நின்றானா, உடனே அடுத்ததுக்குப் போனானா என்று துரோணர் கேட்கவில்லை. வரிசையாக ஐந்து பறவை உட்கார்ந்திருந்தால் பரீட்சையே வேறு. பறவையின் கண்ணை மட்டும் பார்க்கவும் தெரிய வேண்டும், அடுத்த கணம் அதை மறக்கவும் தெரிய வேண்டும்.

சுடுதளத்தில் வருஷக்கணக்காக நின்று பார்த்ததில், பல டார்கெட் பயிற்சியில் பெரும்பாலானவர்கள் இரண்டு விதமாகத்தான் தவறுவார்கள். முதல் ரகம், சுட்ட குண்டு எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பவர்கள். நல்லா விழுந்திருக்குமா, விழவில்லையா என்று ஒரு கண் அங்கேயே தங்கிவிடும். விழுந்தது விழுந்தாயிற்று. பார்த்து என்ன செய்ய முடியும்? அந்தப் பார்வைக்கு அடுத்த டார்கெட் வட்டி கட்டும். இரண்டாவது ரகம் இதற்கு நேர் எதிர். இந்தக் குண்டு இன்னும் வெளியே போகவில்லை, மனசு அதற்குள் அடுத்த டார்கெட்டுக்குப் போய்விடும். டிரிகர் முழுதாக அழுந்துவதற்கு முன்பே உடம்பு திரும்ப ஆரம்பித்துவிடும். குண்டு இரண்டு டார்கெட்டுக்கும் நடுவே, ஒருவருக்கும் பயனில்லாமல் போகும்.

முந்தினவன் போனதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், பிந்தினவன் வருவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் கையில் இருப்பதை விட்டுவிட்டார்கள். சரியான முறை, குண்டு வெளியேறும்வரை அந்த டார்கெட்டோடு இருப்பது. துப்பாக்கி உதைக்கிறது அல்லவா, அந்த உதைப்போடு சேர்த்தே உடம்பு அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும். போகிற வழியிலேயே விரல் டிரிகரில் பாதி அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும். அங்கே போய்ச் சேர்ந்து, முள் நடுவில் நிற்கும்போது மிச்சப் பாதி.

இந்த வித்தை கையில் இல்லை என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். ஹங்கேரி நாட்டு ராணுவத்தில் இருந்த காரோலி டாக்காஸ். 1910இல் பிறந்தவர். வலது கைக்காரர், நல்ல குறி. 1938இல் ராணுவப் பயிற்சியின்போது ஒரு கையெறிகுண்டு அவருடைய வலது கையிலேயே வெடித்துவிட்டது. சுடும் கை போயிற்று. வேறு ஒருவராக இருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். டாக்காஸ் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். மறுவருடமே, 1939இல், நாட்டுச் சாம்பியன் போட்டியில் போய் நின்று ஜெயித்தார். அப்புறம் உலகப் போர் வந்து 1940, 1944 ஒலிம்பிக்ஸ் நடக்கவில்லை. 1948இல் லண்டன். வயது 38. ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 580 புள்ளி, உலக சாதனையோடு தங்கம். 1952இல் ஹெல்சின்கியில் மறுபடியும் தங்கம்.

லண்டனில் அர்ஜென்டினாவின் உலகச் சாம்பியன் அவரைப் பார்த்து, நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றாராம் டாக்காஸ். போட்டி முடிந்ததும் அதே மனிதர் வந்து, நீங்கள் போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று கை குலுக்கினார் என்று சொல்வார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. வலது கைக்காரன் இடது கைக்கு மாறினால் நிற்கும் வாக்கே மாறும், எந்தக் கால் முன்னே என்பது மாறும், இடுப்பு திரும்பும் விதம் மாறும். அத்தனையையும் புதிதாகக் கட்ட வேண்டும். எது மாறாமல் கூட வந்தது? முள்ளைப் பார்க்கிற கண், ஒன்றை முடித்து ஒன்றுக்குப் போகிற மனசு, அந்த நிதான நடை. வித்தை கை வேகத்தில் இருந்திருந்தால் வலது கையோடு அதுவும் போயிருக்கும் அல்லவா?

நம் நாட்டுக்கும் இந்தப் போட்டியில் ஒரு பதக்கம் உண்டு. அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கம் நினைவிருக்கும். மனு பாக்கர் 2024இல் பாரிஸில் வாங்கிய இரண்டு வெண்கலமும் நினைவிருக்கும். விஜய்குமார் என்றால் பாதிப் பேர் நடிகரையோ கிரிக்கெட்காரரையோ நினைப்பார்கள். ஹிமாச்சலப் பிரதேசத்துக்காரர், நம் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். 2012இல், டாக்காஸ் ஜெயித்த அதே லண்டனில், ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கினார். இறுதிச் சுற்றில் 40 குண்டுக்கு 30 அடி. கியூபாவின் லூரிஸ் பூப்போ 34 அடித்துத் தங்கம் வாங்கினார், சீனாவின் டிங் ஃபெங் 27 அடித்து வெண்கலம். உலகத்திலேயே இரண்டாவது ஆள் 40இல் 10 தவறவிட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தவறுவது சகஜம். தவறிய குண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த டார்கெட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் அவரை மேடையில் ஏற்றியது என்று நான் நினைக்கிறேன்.

நிற்க. இதுவரை சொன்னது 7 டிகிரித் திருப்பம். முழுதாகத் திரும்பிச் சுடுகிற பயிற்சி ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகள் மொபைலில் பார்த்து ஆசைப்படுவது அதைத்தான். அதனால் அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் ஜெஃப் கூப்பர் என்பவர் வகுத்த பயிற்சி அது. எல் பிரெசிடெண்டே என்று ஸ்பானிஷ் மொழியில் பெயர். 1976இல் மிசூரி மாநிலத்தில் பிராக்டிகல் ஷூட்டிங் என்ற போட்டி வகைக்கு உலக அமைப்பு தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். பயிற்சி இப்படி: 10 மீட்டரில் 3 டார்கெட், மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். சுடுகிறவர் அவற்றுக்கு முதுகைக் காட்டி, கையை உயர்த்தி நிற்பார். பிஸ்டல் இடுப்பு உறையில். விசில் கேட்டதும் திரும்பி, பிஸ்டலை எடுத்து, ஒவ்வொரு டார்கெட்டிலும் இரண்டு குண்டு. மேகசினை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றிலும் இரண்டு. ஆக 12 குண்டு. 10 வினாடிக்குள் முடித்தால் தேர்ச்சி என்பது பழைய அளவு. இங்கே இரண்டு கையாலும் பிடித்துச் சுடலாம்.

ரீல்ஸில் பார்த்தால் பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே துப்பாக்கியை உருவுவதுபோல் தெரியும். அப்படி இல்லை. வரிசை இருக்கிறது. முதலில் தலை. தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி முதல் டார்கெட்டைக் கண் பிடிக்க வேண்டும். அடுத்து கால். ஒரு காலை எடுத்து வைத்து இடுப்பு முழுதாகத் திரும்பி, டார்கெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். திரும்பும்போது கை பிஸ்டலின் பிடிக்குப் போயிருக்கலாம், ஆனால் பிஸ்டல் உறையை விட்டு வரக்கூடாது. முழுதாகத் திரும்பிய பிறகுதான் அது வெளியே வரும். விரல் டிரிகரில் போவது அதற்கும் அப்புறம், குறி டார்கெட்டில் நிற்கும்போது. தலை, கால், கடைசியில் துப்பாக்கி. அடுத்தடுத்த டார்கெட்டுக்கும் அதே சட்டம்தான். கண் முதலில் அடுத்த டார்கெட்டின் நடுவுக்குத் தாவும், துப்பாக்கி பின்னாலேயே வரும்.

இந்த வரிசை அழகுக்காக வந்ததில்லை. திரும்பி முடிக்கும் முன் பிஸ்டல் வெளியே வந்தால் அதன் மூக்கு எங்கே போகும்? பக்கத்தில் நிற்கிறவர், நேரம் எடுக்கிறவர், பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி, எல்லார் மேலும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் டார்கெட்டுக்கு வரும். அதனால்தான் அந்தப் போட்டியின் விதியில், டார்கெட் பக்கத்திலிருந்து 90 டிகிரிக்கு மேல் மூக்கு திரும்பினால், ஒரு குண்டுகூடச் சுடாவிட்டாலும் போட்டியை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள். எச்சரிக்கை, மறுவாய்ப்பு எதுவும் கிடையாது. இது சரியான விதி. இதைவிடக் கடுமையாக இருந்தாலும் நான் ஆதரிப்பேன்.

"எல்லாம் சரி சார், ஆனா போட்டின்னா நேரந்தானே ஜெயிக்குது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன்.

பிராக்டிகல் போட்டியில் வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுப்பார்கள். நடு வட்டத்துக்கு 5 புள்ளி. குண்டு டார்கெட்டிலேயே படாவிட்டால் 10 புள்ளி கழித்துவிடுவார்கள். ஒருவர் 12 குண்டையும் நடுவில் போட்டு 10 வினாடியில் முடிக்கிறார். 60ஐ 10ஆல் வகுத்தால் 6. இன்னொருவர் பறந்து பறந்து 8 வினாடியில் முடித்துவிட்டார், ஆனால் ஒரே ஒரு குண்டு டார்கெட்டுக்கு வெளியே. 11 குண்டுக்கு 55, அதில் 10 போனால் 45. 8ஆல் வகுத்தால் 5.6. முழுசாக 2 வினாடி முந்தியும் தோற்றுவிட்டார். ஒரு குண்டின் அவசரம் 2 வினாடியைத் தின்றுவிட்டது.

அப்படியானால் வேகமே வேண்டாமா? வேண்டும். எங்கே வேண்டும் என்பதுதான் கேள்வி. சுமாராகப் பழகிய ஒருவரின் 10 வினாடி எங்கே போகிறது என்று பிரித்துப் பார்ப்போம். திரும்பி, எடுத்து, முதல் குண்டு சுட 2.5 வினாடி என்று வையுங்கள். மேகசின் மாற்றி அடுத்த குண்டு சுட இன்னொரு 2.5. ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததற்குப் போவது மொத்தம் 4 முறை, அரை வினாடி வீதம் 2 வினாடி. ஒரே டார்கெட்டில் இரண்டாவது குண்டு சுடும் இடைவெளி 6 முறை, 0.4 வீதம் 2.4 வினாடி. மொத்தம் 9.4. டிரிகரைத் தட்டித் தட்டி 0.4ஐ 0.3 ஆக்கினால் மிச்சம் 0.6 வினாடி. அதற்கு விலையாக 6 குண்டு ஆடும். திரும்புவதையும் மேகசின் மாற்றுவதையும் ஒழுங்காகப் பழகி 2.5ஐ 2 ஆக்கினால் 1 வினாடி மிச்சம், ஒரு குண்டும் ஆடாது. இதற்கு ரவுண்டே தேவையில்லை. காலி பிஸ்டலை வைத்துக்கொண்டு, பயிற்சியாளர் முன்னால், சுவரைப் பார்த்துப் பழகலாம்.

ஆக, வேகம் என்பது வேண்டாத அசைவை எடுத்துவிடுவதில் வருகிறது. சமையலில் கைதேர்ந்தவர்களைப் பாருங்கள். அவர்கள் ஓடுவதில்லை. கடுகு டப்பா எங்கே என்று தேடுவதில்லை, அவ்வளவுதான். புதுசாகச் சமைப்பவர்தான் வியர்த்துப்போய் ஓடுவார், கடைசியில் தாளிப்பும் கருகும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்த சில உள்ளூர்ப் போட்டிகளில் பரிசு வேகத்துக்குத்தான் போகிறது. அடி எங்கே விழுந்தது என்பதைப் பெயருக்குப் பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டுகிறார்கள். பயிற்சிக்கு வந்த மூன்றாவது வாரத்திலேயே பையன் கையில் பிஸ்டல், பயிற்சியாளர் கையில் ஸ்டாப்வாட்ச். பின்னால் அப்பா நின்றுகொண்டு "ஃபாஸ்ட், ஃபாஸ்ட்" என்று கத்துகிறார். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பார்க்கும் முன் திரும்பவும், திரும்பும் முன் எடுக்கவும், எடுத்து நிறுத்தும் முன் சுடவும் கற்றுக்கொள்ளும். ஒருமுறை உடம்பில் படிந்த வரிசையை அழித்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று பயிற்சி கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

காக்கி போட்டுக்கொண்டு துப்பாக்கி தூக்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுடுதளத்தில் டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. தவறிய குண்டை அது வாங்கிக்கொள்ளும். தெருவில் பின்னால் இருப்பது டீக்கடை. அங்கே தவறிய குண்டுக்கு மைனஸ் 10 புள்ளி என்று முடித்துக்கொள்ள முடியாது. யாரைச் சுடக்கூடாது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் அந்த அரை வினாடி வீணான நேரம் இல்லை. அதற்குத்தான் பயிற்சியே. அந்த அரை வினாடியைக் குறைத்தவனுக்குக் கோப்பை கொடுக்கும் பழக்கம் நல்லதில்லை.

அதனால் நான் சொல்வது மூன்றே விஷயம். முதலாவது, புதிதாகப் பல டார்கெட் பழகுபவர்களுக்கு முதல் ஆறு மாதம் கடிகாரத்தைக் காட்டாதீர்கள். வரிசை சரியா, முள் நடுவில் நின்றதா என்று மட்டும் பாருங்கள். வேகம் பின்னாலேயே தானாக வரும். இரண்டாவது, உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்கள் அடிக்கு ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வையுங்கள். அதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் நேரத்தைப் பாருங்கள். மூன்றாவது, மூக்கைச் சுற்றவிட்டவரை, அவர் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். "சின்னப் பையன்தானே, ஏர் பிஸ்டல்தானே" என்று பரிந்து பேச வேண்டாம். பழக்கத்துக்கு ஏர் பிஸ்டல் என்றும் நிஜ பிஸ்டல் என்றும் வித்தியாசம் தெரியாது.

கிளப்பில் பேரன் பேத்தி இருக்கிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டி.வி.யில் ரேபிட் ஃபயர் வந்தால் துப்பாக்கியைப் பார்க்காதீர்கள். சுடுகிறவரின் முழங்காலையும் இடுப்பையும் பாருங்கள், அதன் பிறகு முகத்தைப் பாருங்கள். ஒரு குண்டு தவறியது என்று போர்டில் வரும்போதும் அந்த முகம் அசையாமல் இருந்தால், அவர் தேர்ந்த ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். பக்கத்தில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் அதையே காட்டிக் கொடுங்கள். சாயங்காலம் கிளப்பிலிருந்து வந்ததும் "இன்னைக்கு எத்தனை வினாடி?" என்று கேட்காமல், "சுட்டதை எட்டிப் பார்த்தியா?" என்று கேளுங்கள். இல்லை தாத்தா என்று பதில் வந்தால் பிள்ளை நல்ல வழியில் போகிறது என்று அர்த்தம்.

பதறிய காரியம் சிதறும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். துப்பாக்கி விஷயத்தில் அது சிதறும் இடம் மண்மேடாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.